கூடு மாறும் பருவம்

நுழையும்முன்

சிற்றூர்களின் புறக்கடைகளில் மேயும் கோழிகள் முட்டையும் இறைச்சியும் தருகின்றன. அவற்றை விற்ற காசு பெண்களின் கையில் சிறுவாடாகச் சேர்கிறது. முற்காலத்தில் தாய்க்கோழியே தன் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியது. இன்று பொரிப்பகங்களிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு வளர்ப்பவரே தாயாக வேண்டியிருக்கிறது. அப்பணியில் கடினமான கட்டம், விளக்கின் வெதுவெதுப்பில் வளர்ந்த குஞ்சுகளை வெளியிலுள்ள கூண்டில் குடியேற்றுவதாகும். அதன் அறிவியல் அடிப்படையையும் நடைமுறையையும் இப்பாடம் விளக்குகிறது.

தாய்க்கோழியின் வளர்ப்பு

கோழி தன் முட்டைகளை 21 நாள்கள் அடைகாக்கிறது. ஓடு உடைவதற்கு முன்னரே உள்ளிருக்கும் குஞ்சு ஒலியெழுப்பத் தொடங்குகிறது. அடையில் அமர்ந்துள்ள தாய் அதற்கு மெல்லிய குரலில் மறுமொழி கொடுக்கிறது. பொரித்த ஓரிரு நாள்களில் குஞ்சுகளை வெளியே அழைத்துச் செல்லும் தாய், மண்ணைக் கிளறி இரையைக் காட்டுகிறது. தான் உண்ணாமல் கொக்கொக்கெனக் கூவிக் குஞ்சுகளை அழைக்கிறது. வானில் பருந்தின் நிழல் தெரிந்தால் வேறொரு குரலில் எச்சரிக்கிறது. அக்குரல் கேட்டதும் குஞ்சுகள் புதருக்குள் ஒளிகின்றன அல்லது அசையாமல் பதுங்குகின்றன. குளிர்ந்தால் தாயின் இறகுகளுக்குள் புகுந்துகொள்கின்றன. வெப்பம் ஏறியதும் வெளியே வருகின்றன.

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்பது ஊரார் வழங்கும் பழமொழி. தாயின் கண்டிப்பும் குஞ்சுக்கு நன்மையே என்பது அதன் பொருள். குஞ்சுகளுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆனதும், அதுவரை அணைத்துக் காத்த கோழி அவற்றைக் கொத்தி விலக்கத் தொடங்குகிறது. அதற்குள் குஞ்சுகளின் உடல் இறகுகளால் மூடப்பட்டிருக்கும். இரை தேடவும் பகைக்கு ஒளியவும் மாலையில் கூடு திரும்பவும் அவை கற்றிருக்கும். ஆகவே, தாய் விலக்கும் நாள் குஞ்சுகள் தகுதி பெற்ற நாளாகவே அமைகிறது. கூண்டுக்கு மாற்றுதல் பற்றிய எல்லா விதிகளும் இவ்வியற்கை ஒழுங்கிலிருந்தே பிறக்கின்றன.

தாயில்லாக் குஞ்சுகள்

அடைகாப்பதிலும் குஞ்சுகளைப் பேணுவதிலும் நாட்டுக்கோழி பல வாரங்களைச் செலவிடுகிறது. அக்காலத்தில் அது முட்டையிடுவதில்லை. மிகுதியான முட்டைகளைப் பெறும்பொருட்டு அடைகாக்கும் வேலை பொரிப்புப் பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது. புறக்கடை வளர்ப்புக்கென ஹைதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களின் குஞ்சுகளும், பண்ணைகளிலிருந்து வாங்கப்படும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் பெரும்பாலும் பொறியில் பொரிந்தவையே. அவை தாயின் குரலைக் கேட்டதில்லை. பருந்தின் நிழலுக்கு அஞ்சக் கற்பிக்கப்பட்டதுமில்லை.

வளர்ந்த கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பொரித்த குஞ்சின் உடல்வெப்பம் இதனினும் சற்றுக் குறைவு. அதனைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் ஆற்றலும் குஞ்சுக்கு முதல் நாள்களில் முழுமையாக இராது. அதன் மேனியிலுள்ள தூவி மென்மையானது. நனைந்துவிட்டால் வெப்பத்தைக் காக்கும் திறனை இழந்துவிடும். எனவே, மூங்கில் தட்டியையோ தகட்டையோ வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, மேலே குமிழ் விளக்கைத் தொங்கவிட்டு வெப்பம் தரப்படுகிறது. இவ்வமைப்பினை அடைகாப்பான் என்பர். மூலையில்லாத வட்ட வடிவம் தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. மூலை இருப்பின் அஞ்சிய குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கீழுள்ளவை மூச்சுத்திணறி இறந்துவிடும்.

முதல் வாரத்தில் விளக்கின் அடியில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 3 பாகை அளவில் குறைத்து வெளி வெப்பத்தோடு இணைத்துவிடுவது வழக்கம். வெப்பமானி இல்லாதோர்க்குக் குஞ்சுகளே வெப்பமானியாகும். அவை விளக்கின் கீழ் நெருக்கியடித்து நின்று ஓயாமல் கத்தினால் வெப்பம் போதவில்லை. விளக்கை விட்டு விலகிச் சிறகைத் தொங்கவிட்டு வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம் மிகுதி. ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் மறுபக்கத்திலிருந்து குளிர்காற்று வீசுகிறது. எங்கும் பரவலாக நின்று தின்பதும் உறங்குவதுமாக இருந்தால் வெப்பம் சரியாக உள்ளது.

இறகு சொல்லும் செய்தி

குஞ்சுகளை எந்த வாரத்தில் வெளிக்கூண்டுக்கு மாற்றலாம் என்பதே வளர்ப்போர் முதலில் கேட்கும் வினா. ஆறு முதல் எட்டு வாரங்கள் என்பது பொதுவான விடை. ஆயினும், நாள்காட்டியைவிடக் குஞ்சின் உடலே நம்பத்தக்க சான்றாகும். முதல் வாரத்திலேயே சிறகின் ஓரத்தில் இறகு முளைக்கத் தொடங்குகிறது. அடுத்து வால், தோள், முதுகு, மார்பு என அது பரவுகிறது. கழுத்தும் தலையும் இறுதியில் மூடப்படுகின்றன. நன்கு உணவூட்டப்பட்ட குஞ்சுகளுக்கு ஐந்தாறு வாரங்களில் இம்மாற்றம் பெரும்பாலும் நிறைவடையும். முதுகிலும் மார்பிலும் தூவி இன்னும் தெரிந்தால் அக்குஞ்சு வெளிக்குளிரைத் தாங்கும் நிலையை எட்டவில்லை.

இறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கூரை போன்றது. இறகுகளுக்கிடையே தங்கும் காற்று, உடலின் வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கிறது. வாலின் அடிப்பகுதியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்துக் கோழி தன் இறகுகளில் தடவிக்கொள்கிறது. மழைச்சாரலில் தூவிக்குஞ்சு ஊறி நடுங்க, இறகு முளைத்த இளங்கோழி உடலைச் சிலிர்த்து நீரை உதறுவது இவ்வேறுபாட்டினாலேயே.

பருவகாலமும் கருதத்தக்கது. தமிழ்நாட்டின் சமவெளிகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் பகல் முழுவதும் விளக்கே தேவைப்படாத நாள்கள் உண்டு. அக்காலத்தில் குளிரைவிட வெயிலே பகையாகும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே உடலைத் தணித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையும் மார்கழிப் பனியும் இளங்கோழிகளைச் சோதிப்பவை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் சமவெளியைவிட ஓரிரு வாரங்கள் கூடுதலாகக் காத்திருப்பது தக்கது. புயலோ தொடர்மழையோ அறிவிக்கப்பட்டிருந்தால் குடியேற்றும் நாளைத் தள்ளிவைத்தலே அறிவுடைமை.

பஞ்சாரம் என்னும் இடைவழி

விளக்கின் வெப்பத்திலிருந்து திறந்தவெளிக் கூண்டுக்கு ஒரே நாளில் மாற்றினால் குஞ்சுகள் அயர்ச்சிக்கு உள்ளாகும். அயர்ச்சியுற்ற குஞ்சு சரியாகத் தின்னாது. நோய்க்கும் எளிதில் இடங்கொடுக்கும். எனவே, மூன்றாம் வாரத்திற்குப் பின் முதலில் பகலிலும், பின்னர் இரவிலும் விளக்கின் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குடியேற்றுவதற்கு முன் ஒரு வாரமேனும் குஞ்சுகள் விளக்கின்றி இரவைக் கழித்திருத்தல் நன்று.

பகல்நேரப் பழக்கத்திற்குத் தமிழகச் சிற்றூர்களின் பஞ்சாரம் பெரிதும் உதவுகிறது. மூங்கில் சிம்புகளால் இடைவெளி விட்டுப் பின்னப்பட்டுக் கவிழ்த்து வைக்கப்படும் கூடை அது. இளவெயில் நேரத்தில் குஞ்சுகளைப் புறக்கடை மண்ணில் விட்டு அதனால் மூடினால், காற்றும் வெளிச்சமும் உள்ளே செல்லும். காக்கையும் பருந்தும் நெருங்க இயலாது. முதல் நாள் அரைமணி நேரம், பின்னர் ஒரு மணி, அதன்பின் இரண்டு மணி என நேரத்தை நீட்டலாம். அடைகாப்பானின் உமியை மட்டுமே அறிந்த கால்கள் இங்கேதான் மண்ணைக் கிளறக் கற்கின்றன. பஞ்சாரத்தின் ஒரு பகுதியாவது நிழலில் இருத்தலும் உள்ளே தண்ணீர் வைத்தலும் கட்டாயம். கூடையின்மேல் சிறு கல்லை ஏற்றி வைத்தால் நாய் அதனைப் புரட்ட இயலாது.

தெரிந்து தெளிவோம்

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியாகும். எனினும், பல கோழியினங்களின் தோலிலும் காலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்திற்குரிய மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. சங்க இலக்கியம் மனைக்கோழி, கானக்கோழி என இரண்டையும் வேறுபடுத்திக் குறிப்பிடுகிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் 'கோழி' என்னும் பெயரும் வழங்கியது.

கூண்டு அமைத்தல்

வீட்டிலுள்ள பழைய மரச்சட்டங்கள், மூங்கில், ஓடு, தென்னங்கீற்று ஆகியவற்றைக்கொண்டே தக்க கூண்டினைச் செய்துகொள்ளலாம். செலவைவிடச் சிந்தனையே இங்கு மிகுதியாகத் தேவை. முதலில் இடம் பார்க்க வேண்டும். மழைநீர் தேங்காத மேட்டுநிலமாகவும், வீட்டிலிருந்து ஓசை கேட்கும் தொலைவாகவும் அது இருத்தல் வேண்டும். கூண்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும்; உள்ளே வெப்பம் குறையும்.

வளர்ந்த கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி எனக் கொண்டால், பத்துக் கோழிகளுக்கு 5 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கூண்டு போதும். குஞ்சின் உருவத்தைப் பார்த்து அளவைக் குறைத்தல் கூடாது. குஞ்சு விரைவில் கோழியாகும். கூரைக்குத் தகரத்தைப் பயன்படுத்தினால் அதன்மேல் கீற்று வேய வேண்டும். இல்லையேல் நண்பகலில் கூண்டு அடுப்பாகிவிடும். சாரல் உள்ளே அடிக்காதவாறு கூரையின் விளிம்பு இரண்டடியேனும் வெளியே நீண்டிருத்தல் நலம்.

காற்றோட்டத்தைப் பற்றிப் பலரிடம் பிழையான கருத்து உள்ளது. குளிருக்கு அஞ்சிக் கூண்டை முழுவதும் அடைத்துவிடுகின்றனர். எச்சத்தின் ஈரத்திலிருந்து எழும் அம்மோனியா வளி வெளியேற வழியின்றிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்குகிறது. கூண்டினுள் குனிந்தவுடன் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்பதை உணரலாம். காற்று வேண்டும்; ஆனால், உறங்கும் கோழியின் உடல்மேல் அது நேராக வீசுதல் கூடாது. ஆகவே, நீண்ட பக்கங்களின் கீழ்ப்பகுதியைப் பலகையாலோ மண்சுவராலோ அடைத்து, மேற்பகுதியில் கம்பிவலை பொருத்துவது ஏற்றது. மழைநாளில் கோணிப் படுதாவைக் கீழிருந்து மேலாக உயர்த்திக் கட்டினால், மேலே இடைவெளி எஞ்சிக் காற்று சென்று வரும்.

வலையின் தேர்வில் குஞ்சுகளின் உயிரே அடங்கியுள்ளது. அறுகோணக் கண்களுடைய மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்தப் பயன்படுமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தப் பயன்படாது. நாய் அதனைக் கிழித்துவிடும். எலியும் பாம்பும் அதன் கண்களில் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுடைய, பற்றவைக்கப்பட்ட கம்பிவலையே உறுதியானது. கீரியும் பெருச்சாளியும் மண்ணைத் தோண்டி நுழைபவை. எனவே, வலையை ஓரடி ஆழத்திற்குப் புதைத்தோ, கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்திற்கு மண்மேல் பரப்பிக் கல் அடுக்கியோ அவ்வழியை அடைக்க வேண்டும். கதவுக்குத் தள்ளினால் திறவாத தாழ்ப்பாள் தேவை. காட்டுப்பூனையோ மரநாயோ ஒரே இரவில் பல கோழிகளைக் கொன்றுவிடக்கூடும். பல மாத உழைப்பைக் காப்பது சில நேரங்களில் அத்தாழ்ப்பாள் ஒன்றேயாகும்.

தரையில் மூன்று அங்குல உயரத்திற்கு உலர்ந்த உமி பரப்பலாம். கோழி காட்டில் மரக்கிளையில் அடைந்த பறவையாதலால், கூண்டினுள்ளும் உயரத்தில் அமர்ந்து உறங்கவே விரும்பும். அதற்கென ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் தடிமனுள்ள கழியை, விளிம்புகளை மழுக்கிக் குறுக்கே பொருத்த வேண்டும். இளங்கோழிகளுக்குத் தொடக்கத்தில் ஓரடி உயரம் போதுமானது. ஒவ்வொன்றும் நெருக்கமின்றி அமர அரையடி முதல் முக்காலடி வரை இடம் வேண்டும். நாட்டுக்கோழி முட்டையிட ஐந்தாறு மாதங்கள் ஆகுமாதலால் முட்டைப்பெட்டியை அதுவரை மூடிவைக்கலாம். இல்லையேல் குஞ்சுகள் அதிலேயே உறங்கி அதனை எச்சமாக்கிவிடும்.

வேலை முடிந்தபின் தரையை நன்கு பெருக்குதல் மறக்கத்தகாத பணியாகும். மின்னும் பொருளைக் கொத்துவது கோழியின் இயல்பு. சிதறிக் கிடக்கும் ஆணியையும் கம்பித்துண்டையும் விழுங்கிவிட்டால் அவை இரைப்பையைக் குத்திக் கிழிக்கும்.

குடியேறும் மாலை

கோழியின் கண் பகலுக்கு உரியது. இருளில் அதன் பார்வை மங்கும். அந்தி சாயும்போது கோழிகள் தாமே அடங்கி அமர்ந்துவிடுகின்றன. 'கோழி அடையும் நேரம்' என்று ஊரார் பொழுதைக் குறிப்பிடுவது இதனாலேயே. இவ்வியல்பைப் பயன்படுத்திக்கொண்டு, குடியேற்றத்தை அந்திப்பொழுதில் வைத்துக்கொள்வது சிறந்தது. புதிய இடத்தைக் கண்டு மிரளாமல் குஞ்சுகள் அமைதியாக உறங்கிவிடும். விழிக்கும்போது அவ்விடமே அவற்றின் முதற்காட்சியாக அமையும்.

குஞ்சுகளைக் காலையோ சிறகையோ பற்றித் தூக்குதல் தகாது. மார்பின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மறுகையால் முதுகை மெல்ல அணைத்து எடுத்துக் காற்றோட்டமுள்ள கூடையில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். அவை பழகிய தீவனத்தட்டும் தண்ணீர்க் குவளையும் உடன் செல்லட்டும். அடைகாப்பானின் உலர்ந்த உமியில் ஒரு கூடை எடுத்துப் புதிய தரையில் தூவினால், இடம் புதிதாயினும் காலடியிலுள்ள படுக்கை பழையதாகவே இருக்கும். உடன்வளர்ந்த குஞ்சுகள் அனைத்தையும் ஒரே வேளையில் மாற்றுதல் வேண்டும். பிரிக்கப்பட்ட குஞ்சு ஓயாது கத்தித் தானும் சோர்ந்து, மற்றவற்றையும் கலக்கும்.

முதல் இரவே மிகுந்த கவனம் வேண்டுவது. கழியில் ஏறி அமர இன்னும் பழகாத குஞ்சுகள், கூண்டின் ஒரு மூலையில் குவியக்கூடும். மூலைகளில் அட்டையை வளைத்து வைத்தால் வட்ட வடிவம் கிடைத்து, அடைகாப்பானில் இருந்த பாதுகாப்பு இங்கும் தொடரும். உறங்குவதற்கு முன் ஒருமுறையும் நள்ளிரவில் ஒருமுறையும் சென்று, குவிந்திருப்பவற்றை மெல்லப் பிரித்துவிடுதல் நல்லது. அடுத்தடுத்த மாலைகளில் சில குஞ்சுகளைக் கையால் எடுத்துக் கழியில் அமர்த்தினால், அவற்றைக் கண்டு மற்றவையும் ஏறப் பழகும். தாய்க்கோழி முன்னே ஏறிக் காட்டிய பாடத்தை இங்கு மனிதக் கை கற்பிக்கிறது.

கூண்டு வீடாகும் வாரம்

புறக்கடையில் மேயவிடுவதே வளர்ப்பின் நோக்கமாயினும், குடியேறிய மறுநாளே கதவைத் திறந்துவிடுவது தவறு. அந்நிலையில் குஞ்சுகளுக்கு அக்கூண்டு தம் வீடெனத் தெரியாது. மாலையில் அவை எங்கே அடைவது என்றறியாமல் வேலியோரத்திலும் விறகுக் குவியலிலும் ஒடுங்கிக் கீரிக்கு இரையாகும். ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை கூண்டினுள்ளேயே வைத்திருந்து தீவனமும் நீரும் அளித்தால், 'இரை கிடைக்கும் இடம், இருள் வந்தால் அடையும் இடம்' என அது அவற்றின் நினைவில் பதிந்துவிடும். கூண்டோடு இணைந்த வலைமுற்றம் ஒன்று இருப்பின், அவ்வாரத்திலேயே வெயிலும் மண்ணும் அவற்றுக்குக் கிடைக்கும்.

முதன்முறை திறந்துவிடுவதற்கும் மாலையே உகந்தது. கதிரவன் மறைவதற்கு ஒரு மணிநேரத்திற்கு முன், மாலைத் தீவனம் கொடுக்காமல் கதவைத் திறக்க வேண்டும். பசியோடு இருக்கும் குஞ்சுகள் கூண்டை விட்டு நெடுந்தொலைவு செல்லா. பொழுது சாயும்போது நாள்தோறும் அழைத்த அதே குரலில் அழைத்து உள்ளே தீவனத்தைத் தூவினால் அவை திரும்பிவிடும். மேயும் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டலாம். ஒவ்வொரு மாலையும் எண்ணிப் பார்த்தபின்னரே கதவைத் தாழிடுதல் வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அருகிலுள்ள முருங்கையிலோ வேலியிலோ தேடலாம். காட்டுக்கோழியின் மரபு சிலவற்றை மரக்கிளைக்கு இழுத்துச் செல்லும். அவற்றைச் சில மாலைகள் தொடர்ந்து எடுத்துவந்து கூண்டில் விட்டால் அப்பழக்கம் மாறும்.

தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றுதல் கூடாது. குஞ்சுத் தீவனத்தோடு கம்பு, சோளம், உடைத்த அரிசி, தவிடு ஆகியவற்றை முதலில் சிறிதளவு கலந்து, ஒரு வாரகாலத்தில் படிப்படியாகக் கூட்டினால் செரிமானம் கெடாது. மேய்ச்சலில் கிடைக்கும் கரையானும் புழுபூச்சிகளும் கீரையும் எஞ்சிய ஊட்டத்தை அளிக்கும்.

மூத்த கோழிகளும் இளங்கோழிகளும்

முன்பே கோழிகள் உள்ள வீட்டில் புதியவற்றைச் சேர்ப்பது மேலும் நுட்பமான செயல். நார்வே நாட்டு விலங்கியலறிஞர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப் எப்பே, கோழிக்கூட்டத்தில் எது எதனைக் கொத்தலாம் என்னும் வரிசை நிலவுவதை 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். 'கொத்தும் வரிசை' என்னும் கருத்து அதன்பின் பிற விலங்குகளின் சமூக வாழ்க்கையை ஆராயவும் பயன்பட்டது. ஒவ்வொரு கோழியும் தன் இடத்தை அறிந்திருப்பதால் கூட்டத்தில் அமைதி நிலவுகிறது. புதியவை நுழைந்ததும் அவ்வரிசை குலைந்து பூசல் எழுகிறது.

ஆதலால் இளங்கோழிகளைக் கம்பிவலைத் தடுப்புக்கு மறுபுறம் ஓரிரு வாரங்கள் வைத்திருக்க வேண்டும். ஒன்றையொன்று காணலாம், ஆனால், கொத்த இயலாது. உடலளவு ஏறக்குறைய ஒத்துவந்தபின், இரவில் மூத்தவை உறங்கும்போது இளையவற்றைக் கழியில் அமர்த்திவிட்டால் காலைப் பூசல் தணிந்திருக்கும். தீவனத்தட்டுகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், விரட்டப்பட்ட கோழி பட்டினி கிடக்காது. ஒன்றை மட்டும் தனியே சேர்த்தல் கூடாது. எல்லாக் கொத்துகளும் அதன்மீதே விழும். குருதி கசியும் கோழியை உடனே பிரித்தாக வேண்டும். செந்நிறம் கண்ட மற்றவை மீண்டும் மீண்டும் அவ்விடத்தையே கொத்தும்.

நோய்க்காப்பு

புறக்கடைக் கோழிகளுக்குப் பேரழிவாக வருவது வெள்ளைக்கழிச்சல் என்னும் நச்சுயிரி நோய். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்திலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் இந்நோய் இந்தியாவில் ராணிக்கெட் நோய் எனவும் அழைக்கப்படுகிறது. நோய் வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. தடுப்பு மருந்தே காப்பு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வார அளவில் தடுப்பூசியும் போடப்படுகின்றன. கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி இதற்குரிய நாள்களை வகுத்துக்கொள்ளலாம். தடுப்பூசியும் குடியேற்றமும் தனித்தனியே அயர்ச்சி தருவன. ஆகையால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் இடையே ஒரு வாரமேனும் விடுவது நன்று.

ஈரமான படுக்கையில் பெருகும் ஒட்டுண்ணியால் இரத்தக்கழிச்சல் ஏற்படுகிறது. தண்ணீர்க் குவளையைக் கோழியின் முதுகு உயரத்தில் வைத்தால் நீர் சிந்துவதும், எச்சம் கலப்பதும் குறையும். நனைந்த உமியை அன்றாடம் அகற்றிப் புதியது தூவ வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தில் சேர்த்தல் வேண்டும். கோழியம்மையைப் பரப்பும் கொசுக்கள் பெருகாதவாறு கூண்டைச் சுற்றி நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் காப்பின் ஒரு பகுதியே.

பொறுப்பும் பயனும்

பத்துக் கோழிகள் ஒரு பெருஞ்செல்வமன்று. எனினும், நிலமில்லாத குடும்பமும் அதனை வளர்க்க இயலும். குழந்தையின் தட்டில் வைக்கப்படும் முட்டைக்கும், பள்ளி திறக்கும் மாதத்தில் வாங்கப்படும் குறிப்பேட்டுக்கும், திடீரென வரும் மருத்துவச் செலவுக்கும் அவை துணைநிற்கின்றன. தாழிடப்படாத ஒரு கதவோ முன்கூட்டியே மாற்றப்பட்ட ஒரு குளிர் இரவோ அத்துணையைப் பறித்துவிடும். பிழைக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையே புறக்கடை வளர்ப்பின் ஊதியத்தை முடிவு செய்கிறது. அவ்வெண்ணிக்கையோ தொடக்க வாரங்களில் காட்டப்படும் அக்கறையைப் பொறுத்தது.

வெப்பம் தருதல், இரை காட்டுதல், பகையிலிருந்து காத்தல், கூட்டைக் கற்பித்தல், உரிய பருவத்தில் விலகி நிற்றல் என்னும் ஐந்து கடமைகளைத் தாய்க்கோழி எவரும் சொல்லித்தராமலே செய்கிறது. பொறி இவற்றுள் எதனையும் செய்வதில்லை. அது முட்டையைப் பொரித்துத் தருவதோடு நின்றுவிடுகிறது. எஞ்சியவற்றை ஏற்றுக்கொள்ளும் மனிதர், அடைகாப்பான், பஞ்சாரம், கூண்டு, திறந்தவெளி என ஒவ்வொரு படியிலும் குஞ்சுகளின் உடலும் நடத்தையும் உணர்த்துவதை உற்றுநோக்கி அடுத்த படிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு வளர்ந்த கோழிகள் ஒருநாள் மாலை, அழைப்பவர் எவருமின்றித் தாமே வரிசையாக வந்து கழியில் ஏறி அமரும். அன்று அக்குஞ்சுகளின் கூடு மாறும் பருவம் நிறைவடைகிறது.